மாமரத்தில் நான் வைத்த மூன்று வெட்டு

காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒருவர் கோடாலியோடு போய், வெட்டிவிடப் போவதாகச் சத்தம் போட வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து கெஞ்ச வேண்டும். கோடாலி மரத்தில் படக் கூடாது. எல்லாம் நடிப்புதான்.

கிளியனூரிலிருந்து என் மனைவி ஆசையாகக் கொண்டுவந்து, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்னால் வைத்த ஒட்டு மா ஆறு வருஷமாகியும் காய்க்கவில்லை. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் நடித்தோம். "வேணாங்க, வுட்டுடுங்க, வர்ற வருஷம் காய்க்கும்" என்று அவள் போட்ட கூச்சலில், என்னவோ ஏதோவென்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பொய் மிரட்டல் என்று மரம் கண்டுபிடித்துவிட்டால்? மரம் இரண்டாகப் பிரிகிற கவைக்கு மேலே, ஒரு கிளையில் நிஜமாகவே மூன்று வெட்டு வைத்தேன்.

அடுத்த வருஷம் காய்த்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. விழுப்புரம் ஆபீசுக்குப் பை நிறையப் பழம் கொண்டுபோய், மரத்தை எப்படி அதட்டுவது என்று வகுப்பே எடுத்தேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் கிளையிலிருந்து பழுப்புப் பிசின் வழிந்தது. நுனியிலிருந்து இலை காய்ந்துகொண்டே வந்தது. "பாத்திரம் கழுவுன சோப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி நான்தான் கெடுத்துட்டேன்" என்று அவள் மருகினாள். உண்மை வாய்வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். ஒரு மாதம் அவள் மரத்தடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்போதும் முழுங்கினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் கூப்பிட்டு வேளாண்மை அலுவலர் ஒரு பெண்மணி வந்தார். பட்டையைச் சுரண்டிப் பார்த்தார்.

"பூஞ்சாணம்மா. வெட்டுக்காயம் வழியா உள்ள பூந்துக்கினு கீழ இறங்குது. கோடாலி மூணு வாட்டி வுழுந்திருக்குதே, யாரு?"

"நான்தான்" என்றேன்.

உள்கட்டை வெள்ளையாகத் தெரியும்வரை கிளையை மேலிருந்து துண்டு துண்டாக அறுக்க வேண்டுமாம். பழுப்பு அடிமரத்தில் இறங்கியிருந்தால் மரம் தேறாதாம். சொல்லிவிட்டு அலுவலர் கிளம்பிவிட்டார்.

நான் அறுத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் அவள் ரம்பத்தை வாங்கி ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தாள். முதல் துண்டு பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவதில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கவைக்கு ஒரு சாண்தான் பாக்கி. நான்காவதை அறுத்தேன். தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அறுத்த இடத்தில் பூச, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைக் குழைக்க உட்கார்ந்தேன். அவள் அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா நான் அழுதுக்கினு இருந்தேன். நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

"ஆமாம்" என்றேன்.