மும்தாஜ் அக்காவும் என் பழைய சிவப்புக் காரும்

மும்தாஜ் அக்கா போய்விட்டார். இன்று காலை… நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

வழக்கம்போல் அவர் தெருமுனையில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். வந்தது பக்கத்து வீட்டுப் பெண். "ஸ்கூலுக்குப் போவாதீங்க மேடம், உள்ள வாங்க" என்றாள்.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் ஸ்கூல் ஆபீஸில், ஃபீஸ் கவுண்டரில் இருப்பாரே… அவர்தான். பழைய ஸ்டூடண்ட்ஸ் நிறையப் பேருக்கு முகம் ஞாபகம் இருக்கும்.

எனக்கு அவர் என் காரின் முன் சீட்டில்தான் ஞாபகம்.

நான் வேங்கிக்காலில் இருந்து கிளம்பி, டவுனில் அவரை ஏற்றிக்கொள்வேன். பின்னால் என் மகள் நிலா, யுகேஜி. நான் ஓட்டியது எனக்கு முன்பே மூன்று பேர் ஓட்டித் தேய்த்த சிவப்பு கார். பின் கதவு உள்ளிருந்து திறக்காது, செகண்ட் கியர் சமயத்தில் தானாகக் கழன்றுகொள்ளும்.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காது முழுக்க வண்டியின் மேல்தான் இருக்கும்.

"கலா, நேத்து இந்த சத்தம் இல்லியே?"

"அது பழைய சத்தம்தாங்க்கா."

"இல்லமா. நேத்து டக்குனு. இன்னிக்கு டொக்குனுது."

உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே வருவார். எனக்குள்ளும் அதே பயம்தான்… நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

சரி பண்ணுவதா, மாற்றுவதா? வீட்டில் பல மாதங்கள் இதே பேச்சு. "வீட்டு லோனே முழுசா நிக்குது, இன்னொரு லோனா? ரிப்பேர் பண்ணிக்கலாம், ஓடும்" என்பார் என் கணவர். ஒன்றைச் சரி பண்ணினால் இன்னொன்று போகும். ஒவ்வொரு முறையும், இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. ஸ்கூல் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், முன்னால் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றிய டிராக்டர். அது திரும்புவதற்காக நின்றது.

பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது… வண்டி நிற்கவில்லை.

எனக்கு மூளை நின்றுவிட்டது. அக்காதான் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி அலறிக்கொண்டே ரோட்டோர முள்செடிக்குள் போய் நின்றது.

நிலா பின்னால் அழுதுகொண்டிருந்தாள். அக்காவின் கை ஹேண்ட் பிரேக்கை விடவே இல்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

பிரேக் வேலை முடிந்து கார் வந்ததும் சொன்னேன். "அக்கா, நீங்க இனிமே பஸ்ல போயிடுங்க."

"நீ மட்டும் புள்ளைய வச்சிகினு தனியா போவியா? சும்மா ஓட்டு."

பயத்தோடுதான் ஏறினார். ஆனாலும் ஏறினார்.

இரண்டு மாதம் முன்பு கிளட்ச்சும் போனது. மெக்கானிக் பாஸ்கரின் ஷெட்டுக்கு அக்காவும் கூட வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் காட்டினார் பாஸ்கர். நிலா உட்காரும் இடத்துக்குக் கீழே தகடு துருவேறி, விரல் வைத்தால் உதிர்ந்தது.

"வெல்டிங் வச்சிடலாம் மேடம். இன்ஜினையும் இறக்கி வேலை பாத்துட்டா இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானும் என் கணவரும் முதல் நாள் ராத்திரி அப்படித்தான் பேசி முடித்திருந்தோம்.

அக்கா குனிந்து அந்தத் துருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது, அங்கிருந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி வேணுமாக்கா?" என்றார் பாஸ்கர்.

"எனக்கு ஒண்ணுமில்ல, வெயிலு. தம்பி, ஓடும்னு சொல்றீங்க சரி. உங்க வூட்டுப் புள்ளைய இதுல டெய்லி அனுப்புவீங்களா?"

பாஸ்கருக்கு அது பெரிய வேலை. ஷெட்டில் அன்று வேறு வண்டியே இல்லை.

பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "அனுப்ப மாட்டேன்கா" என்றார்.

அதோடு முடிவானது. என் கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு அவரே ஒரு செகண்ட் ஹேண்ட் காரைப் பார்த்து வந்தார். வெள்ளைக் கார். அதை வாங்கும் முன் அடியில் குனிந்து பார்த்ததும் பாஸ்கர்தான்.

முதல் நாள் அக்கா ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் டாஷ்போர்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க்கா?"

"சத்தமே இல்லியே கலா. பயமா கீது. ஏதாச்சும் ஆனா எப்படித் தெரியும்?"

நானும் நிலாவும் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. அவரும் சிரித்தார்… ஆனால் கொஞ்ச நாள் காதைத் தீட்டிக்கொண்டுதான் வந்தார்.

காலையில் நிலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அக்காவின் வீட்டுக்குள் போனபோது பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தபோது அவர் கணவர் பாய் கூப்பிட்டார். கையில் ஒரு சின்ன டப்பா.

"காலைல எழுந்து டிபன் கட்டிட்டுதான் வலிக்குதுன்னு சொன்னாமா. உம் புள்ள கேட்டுச்சாம், சேமியா. எடுத்துனு போ."

வாங்கிக்கொண்டேன்.

மதியம் நிலா அதை முழுக்கச் சாப்பிட்டாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது என்று இப்போதுதான் போன் வந்தது.

நிம்மதியாத் தூங்குங்க அக்கா…