தட்டில் ஒன்றும் வரக்கூடாதென்று வேண்டினேன்

இதை எழுத ஐந்து வருஷமாகத் தயங்கினேன். முருகனிடம் சொல்லிவிட்டேன், மனுஷரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சால்ட் லேக்கில் கோழிக்கறியைப் பரிசோதிக்கும் லேபில் எனக்குக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. அங்கே சோதனை செய்கிற ஒரு தீதி இருந்தார்; வங்காளத்தில் அக்காவைத் தீதி என்பார்கள், சித்தி என்ற பொருளில் அவர் என்னை மாஷி என்பார். மூக்கில் வழுக்கும் கண்ணாடி, ஒல்லி உடம்பு. கம்பியைத் தீயில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, கறி ஊறிய சாற்றைத் தொட்டு, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் கோடிழுப்பார். அப்போது பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் திரும்ப மாட்டார். பூஜையில் என் மனசு ஒருநாளும் அப்படி நின்றதில்லை. வயிறு எரியும்.

ஒருநாள் கோழிக் கம்பெனிக்காரர் வந்து, கறியில் கிருமி இல்லையென்று இன்றைக்கே சர்ட்டிபிகேட் வேண்டுமென்று கத்தினார். "கிருமி இருந்தால் வளர ஒரு நாள் வேணும், நாளைக்கு வாங்க" என்று தீதி தட்டை இன்குபேட்டர் என்கிற வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டார்.

"காக்க வெச்சிட்டுத் தட்டுல ஒண்ணும் வரலேன்னா அவர் முன்னாடி உங்களுக்கு அவமானமில்லையா?" என்றேன்.

"வராம இருக்கட்டும் மாஷி. குழந்தைங்க சாப்பிடற கறி."

அன்று விளக்கேற்றி நானும் அதையே வேண்டினேன், ஆனால் தீதி தலைகுனிய வேண்டுமென்று.

மறுநாள் தட்டு நிறையக் கறுப்புப் புள்ளிகள். திரும்பச் சோதித்தும் கிருமிதான். கோழி வெளியே போகவில்லை. ஜெயித்த தீதியின் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இதை யாரிடம் சொன்னாலும் என் கெட்ட வேண்டுதலை விட்டுவிடாமல், இப்படியே சொல்லுங்கள்.