மீரான் பயில்வான் கித்தானைத் தட்டியது

பினாங்குத் துறைமுகக் கிட்டங்கியில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து படகில் வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே சொன்னார். “சவரி அண்ணே, மீரான் பயில்வான் மௌத்தாயிட்டாரு. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.” பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். அழுகை வந்தது. ஆனால் நெஞ்சு கனக்கவில்லை. போன மாதம் அவரைப் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தச் செய்தி என்னை இடிந்து உட்கார வைத்திருக்கும்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய குஸ்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயர் ஈத்தாம் மண் களத்தில் நாங்கள் இருவரும் குஸ்தி பழகியவர்கள். கீழே விழுந்தால், தரையை இரண்டு தட்டு தட்டி, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எழுவார். “விழுந்தாலும் தாங்குதே, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?” என்பார். தைப்பிங், ஈப்போ, சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

அந்தப் பழக்கந்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கேளிக்கைப் பூங்காக்களில் கயிறு கட்டிய மேடையும் ஃப்ரீஸ்டைல் குஸ்தியும் வந்த காலம். அங்கே சட்டம் வேறு. பிடியில் இருப்பவன் மேடையில் விரித்த கித்தானைத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஒரு சனிக்கிழமை மாலை, பினாங்கு சாம்பியன் பட்டத்துக்காக நானும் அவரும் மோதினோம். குப்புற விழுந்தவரின் வலக்கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தேன். இடக்கையால் இரண்டு தட்டு தட்டினார். நான் விட்டேன். நடுவர் என் கையைத் தூக்கினார். மீரான் அண்ணன் தட்டிய கையைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கொதித்தது. “பயில்வான் தரைக்கு மரியாதை செஞ்சாரு, நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று நாற்காலிகள் பறந்தன. அவர் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு மேடை ஏறவேயில்லை. கோபம் என்றார்கள். எனக்கும் அது மரியாதைத் தட்டு என்றே பட்டது. நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டம் கைக்கு வந்த நேரத்தில் வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஏழு வருடம், சாம்பியன் என்று யாராவது கூப்பிட்டால் எனக்குக் கூசும்.

உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் போன மாதம் அவருடைய சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பழைய ரசிகர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து என்னை முறைத்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். “அண்ணே, அன்னைக்கு நீங்க தோல்விய ஒத்துக்கிட்டுத் தட்டல. எனக்குத் தெரிஞ்சும் வாயத் தொறக்கல.”

இருமல் வரும்வரை சிரித்தார். “அட மடையா! தோளு கழண்டு போச்சு லா. தாங்க முடியாமத்தான் தட்டுனேன். தட்டுனதும் வெக்கம். கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல, கண்ணுல வெச்சேன்.” என் கையை இழுத்துத் தன் வலது தோளில் வைத்தார். எலும்பு சரியாகக் கூடாமல் முட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை காதுக்கு மேல் எழும்பவில்லை.

“எங்ககிட்டச் சொல்லவே இல்லையே, பயில்வான்?” என்றார் கறுத்த தொப்பிக்காரர் ஒருவர்.

“நீங்க எங்க கேட்டீங்க? நீங்களாப் பேசுனீங்க, நான் தேத்தண்ணி குடிச்சேன்.”

தோளைக் கெடுத்துவிட்டேனே என்று நான் கலங்கியபோது கடிந்துகொண்டார். “ஜெயிச்சவன் வருத்தப்படக் கூடாது. வருத்தப்பட்டா தோத்தவனுக்குத்தான் அசிங்கம்.” ஏழு வருடமாக ரசிகர்கள் காட்டிய அனுதாபத்தை ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்துவிட்டு, எனக்குச் சோறு போடச் சொன்னார். அன்று நான் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

அடக்கத்துக்குப் போனபோது உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கத் தோள் கொடுத்தேன். வெளியூர் உறவினர் ஒருவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, “நீங்க அவருக்கு யாரு?” என்றார். எனக்கு முன்னால் நடந்த, கடையில் பார்த்த அந்தக் கறுத்த தொப்பிக்காரர் திரும்பாமலே பதில் சொன்னார். “பயில்வானை ஜெயிச்சவரு. முறையா ஜெயிச்சவரு.”

மீரான் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். இனி யார் கேட்டாலும் சொல்வேன். பினாங்கின் மிகப் பெரிய பயில்வானை நான் ஒருமுறை ஜெயித்தேன்.