இரண்டு கூஜா தண்ணீர்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கை கால் எலும்பெல்லாம் குத்துகிறது என்று அழுவாள், கண் மஞ்சளாகிவிடும். கிளியனூரில் மஞ்சள் காமாலை என்று வேர் அரைத்துக் கொடுத்தார்கள். திண்டிவனத்தில் பார்த்த டாக்டர், இது வேறு ஏதோ என்று விழுப்புரத்துக்கு அனுப்பினார்.

அங்கே டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டமும் ஒரு பிறையும் வரைந்து காட்டினார். உருண்டையாக இருக்கவேண்டிய ரத்த அணுக்கள் இவளுக்கு அரிவாள்போல வளைந்து ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்கின்றனவாம். பிறவியிலேயே வந்தது, அடியோடு போகாது, தண்ணீர் நிறையக் குடித்தால் வலி மட்டுப்படும் என்றார். நாளைக்கு இரண்டு கூஜாவாவது. நான் கதிர் அறுக்கிறவன். அரிவாள் என்றதும் புரிந்துவிட்டது.

மனைவி கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள். நான்தான் துணை. கூஜாவை நிரப்பி வைத்துவிட்டு வெளியே போய் வந்தால் காலியாக இருக்கும். சந்தோஷமாக மறுபடி நிரப்புவேன். ஆனாலும் மூன்று நாளாக வலி இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. இப்படியே இருந்தால் மெட்ராசுக்குத்தான் அனுப்பவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் டீ வாங்கக் கிளம்பியவன், தூக்குப் பாத்திரத்தை மறந்துவிட்டதால் பாதியில் திரும்பினேன். அவள் கட்டிலில் இருந்தபடியே ஜன்னலோரம் சாய்ந்து கூஜாவை வெளியே கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திட்டவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருதுப்பா. நடக்க முடியல. பொம்பளைங்க கக்கூஸுக்கு நீ எப்டி தூக்கிக்கினு வருவே?"

வார்டு ஆயாவைக் கேட்கவும் கூச்சமாம். என் பிள்ளைதானே.

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல்காரப் பையனோடு வளவனூர் அம்மா ஒருவர் இருந்தார். அவர் பேச்சுக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன். அன்று அவரிடம் போய் நின்றேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"அக்கா, எம் பொண்ண கொஞ்சம்…" என்று வராந்தாக் கடைசியிலிருந்த கக்கூஸ் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் என் மகளைப் பார்த்தார், வராந்தாக் கடைசியைப் பார்த்தார்.

"நாலு நாளா வாய் பேச வராத ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் தம்பி. இதக் கேக்க இம்மாம் யோசனையா? வா கண்ணு."

இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மகள் என்னிடம் டம்ளரை நீட்டினாள்.

மெட்ராசுக்குப் போகவேண்டியிருக்கவில்லை, இரண்டு நாளில் வலி இறங்கியது. அதன்பின் எத்தனையோ முறை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கட்டில் கிடைத்ததும் பையைக்கூட வைக்காமல் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு முறையும் கூச்சமாகத்தான் இருக்கும்.