பாட்டிலில் ஊற்றுவதில்லை

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என் உடம்பில் தீக்காயம் ஒன்றுகூட இல்லை. அடிபட்ட தழும்புகள்தான் இருக்கின்றன. போனை அணைக்கச் சொன்னதற்கு ஒருவர் கன்னத்தில் அறைந்தார். பின்னால் இருந்த மனைவியை வண்டியிலிருந்து இறங்கச் சொன்னதற்கு இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றி இடது காதோடு சேர்த்து அடித்தார். அந்தக் காதில் இன்றும் உலை கொதிப்பதுபோல ஒரு சத்தம். பீடியைக் கீழே போடச் சொன்னேன் என்று ஒரு டிரெய்லர் டிரைவர் அதை அணைக்காமல் என் சட்டைப் பைக்குள் போட்டார். டீசல் பட்டுப் பட்டு ஊறிய சட்டை அது; உடனே எடுத்து எறிந்ததால் தப்பினேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடி வாங்கி வாங்கிக் கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டேன். யாராவது போனை எடுத்தால் போர்டைக் கையால் காட்டுவேன். அதற்கும் கேட்காவிட்டால் எதிர்ப் பம்பை நோக்கிக் கையைக் காட்டுவேன்.

எதிர்ப் பம்பில் ஒரு பெண் வேலை பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரைத் தெருவில் பிறந்தவள். படகில் நிற்பவனைக் கரையிலிருந்தே கூப்பிட்டுப் பழகிய குரல்.

“அண்ணாச்சி, நீங்க கையக் காட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்பாள்.

“என்னம்மா, போன் உங்க அப்பன் வாங்கிக் குடுத்ததா?” என்று ஒருவன் ஒருநாள் கேட்டான்.

“இல்லண்ணே. ஆனா வெடிச்சா எங்க அப்பன்தான என்னத் தூக்கிட்டுப் போவணும்? அதான் சொல்லுதேன்.”

அவன் சிரித்துக்கொண்டே அணைத்தான். இப்படித்தான் எங்கள் வேலை நடந்தது. எனக்கு விழவேண்டிய வசவையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பதை நான் யோசித்ததே இல்லை.

அன்று உச்சிவெயில். ஒருவன் பைக்கில் வந்து என் முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது, வாயில் சாராய வாடை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

“இதுல ஊத்து.”

பாட்டிலில் பெட்ரோல் தருவதில்லை என்று போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. வீட்டைக் கொளுத்தவும் ஆளைக் கொளுத்தவும் அப்படித்தான் வாங்கிப் போகிறார்கள் என்பதால் வந்த தடை. நான் போர்டைக் காட்டினேன். அவன் பாட்டிலால் என் நெஞ்சில் குத்தினான். நான் பழக்கத்தில் எதிர்ப் பம்பைக் காட்டினேன். அவனை அவளிடம் அனுப்பியது என் கைதான்.

அவள் ஒரு ஸ்கூட்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பாட்டில்ல ஊத்தமாட்டோம்ண்ணே.”

“வண்டி வழியில நின்னு போச்சுளா.”

“எந்த வண்டி? இப்ப உருமிக்கிட்டு வந்தீயளே, அதா? ஓடுத வண்டிக்கு எதுக்குண்ணே பாட்டில்?”

ஸ்கூட்டர்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். “ஒருத்தியக் கொளுத்தணும்னு வந்தேன். நீ முந்திக்கிடுத” என்று சொல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பெட்ரோல் ஊற்றும் நாசில் அவன் கைக்குப் போனது. அதை அவள் கழுத்துக்கு நேராகப் பிடித்து அழுத்தினான்.

பெட்ரோல் மேலே பட்டவர்களுக்குத் தெரியும், முதலில் ஐஸ் மாதிரி குளிரும். அவள் கழுத்து, மார்பு, இடுப்பு எல்லாம் நனைந்து, செருப்புக்குள் இறங்கித் தரையில் ஓடியது. அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தால் உள்ளே போகும் என்று இறுக்கி மூடிக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உடம்பிலும் கொட்டியது. ஸ்கூட்டர்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார். மேனேஜர் ஆபீசுக்குள் பாய்ந்தார். எல்லாப் பம்பையும் ஒரேயடியாக நிறுத்தும் பொத்தான் அங்கே சுவரில் இருக்கிறது. அதை மறைத்து ஆயில் டப்பா அட்டைப்பெட்டிகளைத் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் பெட்டிகளை இழுத்து இழுத்துத் தள்ளுவது தெரிந்தது.

அவன் நாசிலைப் போட்டுவிட்டு லைட்டரை எடுத்தான்.

“இப்ப பேசுளா பாப்பம்” என்றான்.

சக்கரத்தை உருட்டினான். கை நனைந்திருந்ததால் விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் உருட்டினான். சட்டையும் நனைந்துதான் இருந்தது.

என் பக்கத்தில் ஸ்டாண்டில் தீயணைக்க மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்கின. ஒன்றைக் கழற்றிக்கொண்டு ஓடி, மணலை அவன் கையைப் பார்த்து வீசினேன். மணல் வரவில்லை. ஒரு பொடிகூட விழவில்லை. அரை மைலில் கடல் இருக்க ஆற்று மணலுக்கு எதற்கு அலைவது என்று நாங்கள்தான் கடற்கரையிலிருந்து அள்ளி வந்து நிரப்பியிருந்தோம். உப்பு ஈரத்தை இழுத்து, வெயிலில் காய்ந்து, மறுபடி ஈரம் இழுத்து, வாளி அளவுக்கு ஒரே கல்லாக இறுகியிருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் வாளியையும் அதன் சிவப்பையும் பார்த்தார்கள். மணலில் விரலை விட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நாங்களும்தான் பார்த்ததில்லை.

அவன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். நான் வாளியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் நல்ல காதில் கேட்டது. லைட்டர் காம்பவுண்டு ஓரம் போய் விழுந்தது. அடித்த கை நிற்கவில்லை. இன்னொன்று தோளில் போட்டேன். கீழே விழுந்தவன் மேல் மூன்றாவதும் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் யாரையும் அடித்ததில்லை. நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வாளியின் கைப்பிடி பிய்ந்துபோனதால்தான் நின்றேன்.

அதற்குள் ரோட்டில் நின்ற உப்பு லாரி ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் கையில் ஜாக்கிக் கம்பி.

“பொம்பளையவா கொளுத்தப் பாத்த? கொல்லுங்கலே அவன!”

பெட்ரோல் குட்டையில் நின்றுகொண்டு மிதித்தார்கள். கம்பி அவன் முதுகில் ஒருமுறை விழுந்தது, அடுத்தமுறை தவறித் தரையில் விழுந்தது. கான்கிரீட்டில் இரும்பு பட்டால் பொறி பறக்கும். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். ஒரு ஆட்டோக்காரர் பயந்துபோய் ஆட்டோவைக் கிளப்ப லிவரை இழுத்தார். அவள் நடுவில் நின்று, தோல் எரிகிறது எரிகிறது என்று நனைந்த யூனிபார்ம் கோட்டைத் தலைவழியாக உருவப் போனாள். எங்கள் கோட்டு நைலான் துணி. பெட்ரோலில் நனைந்த நைலானை உருவினால் அந்த உரசலிலேயே பொறி வரும், முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர் சொல்லியிருக்கிறார்.

“கம்பியக் கீழ போடாதிய! எவனும் வண்டியக் கிளப்பாதிய! ஏளா, கழத்தாத! அப்படியே நில்லு!”

கத்தியது என் குரல்தான்; யார் என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். கம்பி வைத்திருந்தவன் அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

தரை கழுவும் ரப்பர் குழாயை இழுத்துவந்து அவள் தலையிலிருந்து அடித்தேன். கோட்டு ஊறித் தண்ணீர் வடியும்வரை அடித்துவிட்டு, “இப்ப கழத்து” என்றேன். ஒரு லாரிக்காரர் தன் துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். அவள் கழுத்தில் தோல் சிவந்து கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது. பல் அடித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, பத்திக்கிடாதுல்லா?”

“பத்தாது. தண்ணியிலயே நில்லு.”

அவள் கொஞ்சம் அடங்கியதும் குழாயைக் கீழே கிடந்தவன் பக்கம் திருப்பினேன். அவனும் நனைந்துதான் கிடந்தான். அவள் இழுத்தபோது நாசில் அவன் முகத்துக்கும் திரும்பியிருந்தது. உடைந்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஊளையிட்டான்.

“அவனுக்கு எதுக்குவே தண்ணி? கெடந்து சாவட்டும்” என்றான் கம்பிக்காரன்.

அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள். வந்ததும் அவன் விலாவில் ஓங்கி ஒரு உதை விட்டாள். அவன் சுருண்டான். இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியவள் அவன் முகத்தைப் பார்த்தாள், காலை இறக்கினாள், அவன் தலைமாட்டில் குந்தினாள். என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினாள்.

“கண்ணத் தொறலே.”

அவன் தலையை ஆட்டினான்.

“தொற நாயே. உள்ள பெட்ரோல் கெடந்தா அவிஞ்சு போவும்.”

அவன் இமையை இரண்டு விரலால் பிளந்து தண்ணீரை விட்டாள். அவன் அலறினான். அவள் முழங்காலால் அவன் தோளை அமுக்கிக்கொண்டு அடுத்த கண்ணைப் பிளந்தாள். அவள் கழுத்துக் கொப்புளம் ஒன்று உடைந்து வடிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.