சமையலறை ஜன்னலில் ஒரு வயர்

பொழுது சாயத் தொடங்கியதும் அவர் ஷெட்டு வாசலில் பெயின்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நிலைக்கு மேல் தொங்கும் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பார். சுவிட்சை முன்பே தட்டி வைத்திருப்பார். ஆனால் விளக்கு எரிவது அவர் கையில் இல்லை. எதிரே இருக்கும் வீட்டின் சமையலறை ஜன்னலுக்குள் ஒரு கை வந்து பிளக்கைச் சொருக வேண்டும். சொருகியதும் பல்பு எரியும். "வந்துருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த வீடு அவருடையது. பிளக்கைச் சொருகும் கை அவருடைய மனைவியுடையது.

நான் பக்கத்துக் கட்டிடத்தின் மாடியில் குடியிருக்கிறேன். என் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் அந்த வீட்டின் கொல்லை முழுவதும் தெரியும்: இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் தகரக்கூரை போட்ட ஷெட்டு, நடுவில் மரக்கம்பு ஒன்றின் தலையில் ஏறி இறங்கிப் போகும் கறுப்பு வயர். அடுத்தவர் வீட்டை வேடிக்கை பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லையே.

தெருவில் அவருக்கு 'டெம்பரரி' என்று பெயர். எலெக்ட்ரீஷியன்தான், ஆனால் தற்காலிக இணைப்பு வேலை மட்டுமே செய்வார். கட்டிடம் எழும்பும் இடத்துக்கு, கொல்லையில் இருக்கும் சாமான் அறைக்கு, தச்சு வேலை நடக்கும் கார் ஷெட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். வயரை இழுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். "பர்மனென்ட்டா பண்றதுக்கு ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான் சார். இழுத்தோம், எடுத்தோம், போனோம். நமக்கு அதான்" என்பார். எல்லோருடைய செல்போனிலும் அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. என் போனிலும் அப்படித்தான்.

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகு சுவிட்சு போர்டை. போர்டருகே குனிந்து மோந்துகூடப் பார்ப்பார். கரிந்த வாடை வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "யாருங்க இதப் பண்ணது?" என்று கேட்பார். வயரைத் தொடும்போது, மறுகை எதிலும் பட்டு ஷாக் அடித்துவிடாமல் இருக்க, அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். முழங்கையில் சுற்றி வயரைச் சுருட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "வயருக்கு முதுகு ஒடிஞ்சிரும்யா!" என்று பிடுங்கிக்கொண்டு, தானே பெரிய பெரிய வளையமாகப் போட்டுச் சுருட்டுவார்.

எங்கள் கீழ்வீட்டுச் சாமான் அறையில் அலமாரி செய்ய ஆள் வந்தபோதுதான் அவரிடம் நான் முதன்முதலாகச் சிக்கிக்கொண்டேன். ஒரு முனையில் ஒரு ஆள், மறுமுனையில் ஒரு ஆள் இல்லாமல் அவர் டெம்பரரி லைனுக்கு மின்சாரம் கொடுக்க மாட்டார். அன்று அந்த மறுமுனை ஆள் நான். "பிளக்குகிட்டயே நில்லுங்க. நான் கத்துனா புடுங்கிடணும். போனப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பையன் மாதிரி நின்றேன். தூரத்திலிருந்து, "வந்துருச்சு! அங்கதான இருக்கீங்க?" என்று குரல் வந்தது. "இருக்கேண்ணே" என்றேன். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி.

இப்படி ஊர் வீடுகளையெல்லாம் மோந்து பார்த்த மனிதர் தன் வீட்டுச் சமையலறை போர்டை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார். மிக்சி சொருகும் இடத்தில் உள்ளே ஒரு இணைப்பு தளர்ந்துபோயிருந்தது. அதற்கு ஒரு டேப்பைச் சுற்றி, "ரெண்டு நாள்ல மாத்திடறேன்" என்றார். சொல்லிப் பல வருஷம் ஆனது. அந்தம்மாவும் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோனார். ஒரு நாள் காலை, ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டவரை அது தூக்கி அடித்தது. மேடை விளிம்பில் மோதி முழங்கை எலும்பு முறிந்தது.

கட்டுப் பிரிக்கும்வரை அந்தம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரித்த மறுநாளே வேறொரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்து வீடு முழுவதும் புதிதாக வயரிங் செய்யச் சொன்னார். மாலையில் இவர் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் யாரோ ஒருவருடைய ஏணி. யாரோ ஒருவருடைய டெஸ்டர். "பர்மனென்ட்டா பண்றதுக்கு வந்திருக்காரு" என்று மட்டும் மனைவி சொன்னார். ஒரு சமையல்காரர் வீட்டுக்கு அவர் கண்முன்னே வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்தால் எப்படி இருக்கும்?  இவர் தன் வீட்டுச் சாவியைச் சமையலறை மேடை மேல் வைத்தார். ஒரு பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, சாமான்கள் போட்டு வைத்திருந்த ஷெட்டுக்குப் போய்விட்டார்.

"நான் போகச் சொல்லல தம்பி. இருக்கச் சொல்லவும் இல்ல" என்று அந்தம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார். இரண்டு பேருமே கல்லுளிமங்கர்கள்.

ஷெட்டுக்கு மின்சாரம் கிடையாது. முதலில் டார்ச்சை வைத்து ஓட்டினார். பிறகு ஒரு நாள், கம்பு நட்டு, வயரை அதன் மேல் தூக்கிக் கட்டி, சமையலறை ஜன்னல்வரை கொண்டுபோனார். ஜன்னலுக்கு வெளியே வயரைக் கொஞ்சம் தாழத் தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் கம்பி வழியாக உள்ளே விட்டார். அப்படித் தொங்கவிட்டால்தான் மழைத்தண்ணீர் அங்கேயே கீழே சொட்டும், இல்லாவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விடும் என்று என்னிடம் ஏற்கெனவே பாடம் எடுத்திருக்கிறார். பிளக்கை உள்பக்கத் திண்டில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்துவிட்டார். அது பல நாள் அப்படியே கிடந்தது. அவரும் தினம் சாயங்காலம் சுவிட்சைத் தட்டிவிட்டு டின்னில் உட்கார்ந்தார். ஒரு சாயங்காலம் பல்பு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மாடியில் நின்றுகொண்டிருந்த நானே "வந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து இதுதான் அவர்கள் குடித்தனம். அந்தம்மா மாலையில் சொருகுவார், காலையில் எழுந்ததும் பிடுங்கிவிடுவார். "ஃபேன் நின்னா முழிப்பு வந்துரும் சார். அவ எந்திரிச்சிட்டான்னு அர்த்தம்" என்றார் என்னிடம். அந்த ஒற்றை வயரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் அவர் தெரிந்துகொள்வார். ஒரு நாள் நான் அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது பல்பு லேசாக மங்கியது. "மிக்சி" என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் மங்கி, தெளிந்து, மறுபடி மங்கியது. "அயர்ன் பண்றா. நாளைக்கி எங்கயோ போறா போலருக்கு." எங்கே போகிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாதது அவர் முகத்தில் தெரிந்தது.

"உள்ள போய் ஒரு வார்த்தை பேசுனா என்னண்ணே?" என்று கேட்டேன். மூக்கை நுழைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

"என்னன்னு பேசறது சார்? ஷாக்கு அடிச்சது அவளுக்கு. எனக்கா அடிச்சது? தப்புப் பண்ணவன் கதவத் தள்ளிக்கிட்டுப் போக முடியுமா? அவ கூப்புடட்டும், போயிடறேன்." பிறகு வயரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டெம்பரரிதான சார் இது" என்றார்.

ஷெட்டுக்குள் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். வயர் சுருள்களுக்கு நடுவே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டேபிள் ஃபேன், ஆணியில் இரண்டு சட்டை. உட்கார ஒரு நாற்காலி இல்லை. வருகிறவர் யாரும் இல்லாததால் அது தேவைப்படவில்லை. வெளிச் சாப்பாடு வாங்கி வந்து, பல்புக்குக் கீழே நின்றபடியே சாப்பிடுவார். பேச ஆள் இல்லாத மனிதர் கையில் கிடைத்த கஸ்டமரிடமெல்லாம் வாய் வலிக்கப் பேசுவார். வேலை முடிந்த பிறகும் கிளம்ப மனசில்லாமல், "ஒருதடவ போட்டுப் பாத்துருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்பார்.

போன மாதம் அந்தம்மா மாடியேறி வந்தார். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது, கிளம்புகிறேன், வர நாளாகும் என்றார். கொல்லைப் பக்கம் திறக்கும் சமையலறைக் கதவின் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி. அவரு கேட்டா குடுங்க. கேக்காம குடுக்காதீங்க."

"அப்போ லைட்டு?"

"வாய் இருக்குல்ல? கேக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு உடனே போகவில்லை. என் ஜன்னல் வழியாக ஷெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தன நாளுல, 'கை எப்படி இருக்கு'ன்னு ஒரு வார்த்த கேக்கல. அதக் கேட்டிருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை வழக்கம்போல பிளக்கைப் பிடுங்கினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமும் இவர் சுவிட்சைத் தட்டிவிட்டு டின்னில் உட்கார்ந்தார். மனைவி பையோடு கிளம்பியதை அவரும் பார்த்தார், எனக்குத் தெரியும். வீட்டுக்குள் ஆள் இல்லை, பிளக்கு சொருகக் கை இல்லை. இருந்தும் நன்றாக இருட்டும்வரை பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். எனக்கு மனசு கேட்கவில்லை. இறங்கிப் போய், "எங்க வீட்டுலருந்து ஒரு லைன் இழுத்துக்கோங்கண்ணே" என்றேன்.

"வேண்டாம் சார். அது நல்லாருக்காது."

"சாவி வேணும்னா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அவர் என்னைப் பார்த்தார். சாவி யாரிடம் இருக்கிறது என்று அந்த நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை. பெயின்ட் டின்னை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, சாவியை அவர் தலையில் வீசியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருங்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. சற்று ஓய்ந்ததும் ஜன்னலைத் திறந்தேன். கொல்லையில் கம்பு ஷெட்டுப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அது சாய்ந்த வேகத்தில் வயர் விறைத்து இழுபட்டு, ஜன்னலுக்கு வெளியே தாழத் தொங்கிய பகுதி நேராகிவிட்டிருந்தது. தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் நனைந்தபடி ஓடி வந்து கம்பைத் தூக்கி நிறுத்திக் கட்டினார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் வாசலில் இருந்தார். தலையிலிருந்து நீர் வழிந்தது.

"சார், சாவியக் குடுங்க."

கேட்டேவிட்டார். 

"உள்ள போர்டு மேலயே எறங்கியிருக்கு சார், என் வயரு வழியா. செவுரெல்லாம் ஊறிப்போச்சு. மெயின் சுவிட்சும் உள்ளதான் இருக்கு, போய் அணைக்கணும்." மூச்சு வாங்கினார். "அவ திடீர்னு வருவா. வந்ததும் அங்கதான் கைய வெப்பா. அந்தக் கையிலதான் சார் அவளுக்கு ஒடஞ்சிது."

சாவியைக் கொடுத்தேன்.   படியில் இரண்டு எட்டு இறங்கியவர் நின்று, "அவகிட்டப் பேசுவீங்களா?" என்று கேட்டார்.

"நம்பர் தரட்டுமாண்ணே?"

"நம்பர் இருக்கு" என்றார். "கை இப்போ எப்படி இருக்குன்னு... சரி, நானே கேட்டுக்கறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

நான் பின்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கொல்லையைக் கடந்து போய், சமையலறைக் கதவுக்கு முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்தார். சட்டையும் நனைந்திருந்ததால் மறுபடி துடைத்தார். தலைமயிரை ஒதுக்கிக்கொண்டார். வெளியே பெரிய பூட்டுத் தொங்கிய அந்தக் கதவை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, விரலை மடக்கி மெல்லத் தட்டினார். தட்டிவிட்டு ஒரு படி கீழே இறங்கி, தள்ளி நின்றார்.