அணாவுக்கு ஆறு பைசா

கார் நிக்கோபாருக்கு நான் போனதெல்லாம் கூலி கொடுக்கத்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போர்ட் பிளேயரில் கப்பல் ஏறுவேன். மடியில் தகரப் பெட்டி, அதற்குள் ரோடு போடும் ஆட்களின் கூலி. வாந்தி வந்தாலும் பெட்டியோடுதான் எழுந்து போக வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் இந்தப் பிழைப்பு. அலுத்துப்போயிருந்தது.

அந்தத் தடவை அவசரமும் சேர்ந்துகொண்டது. திருநெல்வேலியில் என் மனைவிக்கு நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை; அப்போதும் நான் இங்கேதான் இருந்தேன். “இந்தத் தடவையாவது பக்கத்துல இருங்க” என்று எழுதியிருந்தாள். லீவு கிடைத்து, மெட்ராஸ் போகும் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. காலையில் நிக்கோபாரில் இறங்கி, கூலியைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் அதே கப்பலில் திரும்பினால்தான் அதைப் பிடிக்க முடியும்.

நிக்கோபாரில் இறங்கியதும் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் புதுப் பத்து ரூபாய் நோட்டுகள். சர்க்கார் நோட்டைச் சின்னதாக்கியிருந்த சமயம் அது. வரிசையில் முதலில் நின்ற நிக்கோபார்க்காரர் எனக்குப் பழக்கமானவர். ஒரு நோட்டை எடுத்துத் தன்னிடமிருந்த பழைய நோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பழசு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது.

“ஏ தோ பச்சா நோட் ஹை, பாபு. படா ஹோனே தோ, தப் லேகா.”

குட்டி நோட்டாம், வளர்ந்த பிறகு வாங்கிக்கொள்வாராம். வரிசையே சிரித்தது. எனக்கு எரிச்சல். மதிப்பு அதேதான், சர்க்கார் நோட்டு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். “பெஹ்லே பீ தும் ஐஸா போலா. ஹம் சோலா ஆனா தியா, சார் பைசா கம் மிலா.”

முன்பும் நான் இப்படித்தான் சொன்னேனாம்; பதினாறு அணா கொடுத்ததற்கு நாலு பைசா குறைந்தது என்கிறார். அணா போய் நயா பைசா வந்த புதிதில் இவர்களுடைய அணாக்களை மாற்றிக் கொடுத்தவன் நான்தான். ஓர் அணாவுக்கு ஆறு பைசா என்று சர்க்கார் பட்டியல் சொன்னது. பதினாறையும் சேர்த்து வாங்கியிருந்தால் முழு ரூபாய், நூறு பைசா கொடுத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், தொண்ணூற்றாறுதான் போனது. மிஞ்சியது அன்றைக்கே எனக்குத் தெரியும். அதில் பீடி வாங்கிக் குடித்தேன்.

“துகான் சலோ” என்றார், கடைக்கு வா என்று. கடைக்காரர் இந்த நோட்டுக்கு முழுச் சாமான் கொடுத்தால்தான் கூலி வாங்கியதாகத் தான் கைநாட்டு வைப்பாராம். எல்லாரும் சேர்ந்தே போகலாமே என்றேன். தலையை ஆட்டினார். ஒவ்வொருவராகத்தான்.

கடை கால் மைல். இருபத்திரண்டு பேர். வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். கடை வைத்திருந்தவர் ராமநாதபுரத்துக்காரர்.

“என்ன ஸார், நோட்டுக்கு ஜாமீன் நிக்கிறீங்களா?”

“அரிசியப் போடுய்யா” என்றேன்.

பன்னிரண்டாவது ஆளோடு நடக்கும்போது கப்பல் ஊதியது. ஓடியிருந்தால் கப்பலுக்குப் போகும் கடைசிப் படகைப் பிடித்திருக்கலாம். மீதிப் பத்துப் பேருக்கு அடுத்த தடவைதான் கூலி. நான் ஓடவில்லை. நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். பதிமூன்றாவது ஆளைக் கூப்பிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து, அடுத்த கப்பலில், போர்ட் பிளேயரில் என் மரைன் ஹில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன். மெயின்லேண்ட் கப்பல் எப்போதோ போய்விட்டிருந்தது. அது மறுபடி வந்தபோது மனைவியின் கடிதம் வந்தது. பையன் பிறந்திருக்கிறான், இருவரும் சுகம். அவள் அண்ணன் என்னை அழைத்துப்போக மெட்ராஸ் வரை வந்து, கடைசி ஆள் இறங்கும்வரை துறைமுகத்தில் நின்றானாம்.

“அப்படி என்ன தலைபோகிற வேலை உங்களுக்கு?” என்று கேட்டிருந்தாள்.

நாலு பைசா விஷயத்தை எழுதிப் பார்த்தேன். படித்தபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. கிழித்துப்போட்டுவிட்டு, ஆபீஸில் கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள் என்று எழுதினேன்.